பழைய ஹார்டு டிஸ்க்கில் வீட்டுச் சேமிப்பு: விதைநெல்லுக்கு உள்ள கவனம் இதற்கும் வேண்டும்

கேள்வி: “மகனுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப், திரை உடைந்து பரணில் கிடக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் ஓடாமல் இருக்கிறது. இரண்டிலும் உள்ள ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. பெட்டியில் போட்டால், வீட்டுப் பத்திரங்கள், வயல் படங்கள் எல்லாவற்றையும் அதில் சேமிக்கலாம் என்கிறான் மகன். நம்பிச் செய்யலாமா?”

- வாசகர், மணப்பாறை வட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். சில நூறு ரூபாயில், பரணில் கிடக்கும் பொருள் பயனுக்கு வந்துவிடும். ஆனால், பழைய டிஸ்க்கை இரண்டாவது நகலாகவோ மூன்றாவது நகலாகவோ வைத்துக்கொள்ள வேண்டுமே தவிர, ஒரே நகலாக வைக்கக் கூடாது. அடுத்த பட்டத்துக்கான விதைநெல் முழுவதையும் ஓட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காத ஒரே குதிரில் யாரும் கொட்டுவதில்லை. அதே கவனம்தான் இதற்கும் தேவை.

துறையூர்ப் பக்கம் நடந்தது

நாலரை ஏக்கர், கிணற்றுப் பாசனம், சின்ன வெங்காயமும் நெல்லும். அந்தக் குடும்பம் இயற்கை விவசாயத்துக்கு மாறி, ஒரு குழுவோடு சேர்ந்து அங்ககச் சான்றிதழுக்குப் பதிவு செய்திருந்தது. ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அந்த 2 ஆண்டும் எந்தத் தேதியில் என்ன இடுபொருள் போட்டோம், விதை எங்கே வாங்கினோம், அறுவடை எவ்வளவு என்று வயல் குறிப்பேடு எழுத வேண்டும். அப்பா எழுதுவார், பக்கங்களை மகள் போனில் படம் எடுத்து வைப்பாள். ஜீவாமிர்தம் தயாரித்தது, பக்கத்து வயலின் மருந்து வராமல் வரப்பில் வேலிப்பயிர் வைத்தது எல்லாம் படமாக இருந்தன. எண்பது வயது அப்பாயி, விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கும் விதத்தைச் சொல்லச் சொல்ல எடுத்த வீடியோக்களும் அதே போனில்தான் இருந்தன.

போனில் இடம் போதவில்லை. பிரவுசிங் சென்டர் ஒன்று மூடியபோது வாங்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து மகள் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினாள். பெட்டி வாங்கி அதற்குள் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள்.

“ஏம்மா, போன்ல இருந்ததெல்லாம் இதுக்குள்ள வந்திருச்சா?”

“எல்லாம் வந்திருச்சுப்பா. இடம் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கல்ல, அதனால போன்ல இருந்தத அழிச்சிட்டேன்.”

ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அதற்குள் ஒரு மழையில் வீடு ஒழுகி, அலமாரியில் இருந்த குறிப்பேடு நனைந்து மை கரைந்துவிட்டது. படம்தான் இருக்கிறதே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முந்தைய வாரம் டிஸ்க்கைச் சொருகியபோது “டக், டக்” என்று சத்தம் வந்தது. கம்ப்யூட்டரில் எதுவும் தெரியவில்லை. பதறிப்போய் இருபது முறைக்கு மேல் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார்கள். கடைசியில் சத்தமும் நின்றுபோனது.

குறிப்பேட்டுப் பக்கங்களில் பெரும்பகுதியை மகள் அவ்வப்போது குழுவின் களப்பணியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவர் அவற்றைத் தனியாகச் சேமித்து வைத்திருந்ததால் ஆய்வை ஒருவாறு கடந்துவிட்டார்கள். அப்பாயியின் வீடியோக்களை யாருக்கும் அனுப்பவில்லை. அந்த டிஸ்க் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான் அப்பாயி காலமாகியிருந்தார்.

பழைய டிஸ்க் ஒருநாள் நிற்கும் என்பது தெரிந்த விஷயம். போனில் இருந்ததை அழித்தபோதுதான் தப்பு நடந்தது. அந்த நிமிடம் வரை இரண்டு நகல் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றாகிவிட்டது, அதுவும் சோதித்துப் பார்க்காத ஒன்று.

எந்த டிஸ்க்குக்கு எந்தப் பெட்டி?

ஹார்டு டிஸ்க் இரண்டு அளவில் வரும். லேப்டாப்பில் இருப்பது இரண்டரை அங்குல வகை, உள்ளங்கையில் அடங்கும். மேசைக் கம்ப்யூட்டரில் இருப்பது மூன்றரை அங்குல வகை, கனமாக இருக்கும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, மின்சாரத் தேவையில்தான் வேறுபாடு.

இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். யு.எஸ்.பி. கம்பி வழியாகவே அது கிடைத்துவிடும். அதனால் பெட்டி சின்னது, விலையும் குறைவு. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தேவை. அதற்கான பெட்டி தனி அடாப்டரோடு வரும். அடாப்டர் இல்லாத சின்னக் கம்பியில் பெரிய டிஸ்க்கை மாட்டினால் ஓடாது. அடாப்டர் தொலைந்துபோனால் வேறு எதையாவது மாட்டிப் பார்க்கக் கூடாது. வோல்ட் மாறினால் டிஸ்க்கின் அட்டை எரிந்துவிடும்.

அடுத்து பின்பக்க முனையைப் பார்க்க வேண்டும். இரண்டு வரிசையாகக் குத்தூசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐ.டி.இ. எனப்படும் பழைய வகை. தட்டையாக, எல் வடிவில் இரண்டு வாய் இருந்தால் அது சாட்டா. இன்று கடையில் கிடைக்கும் பெட்டிகள் அநேகமாக சாட்டா வகைக்கே. ஐ.டி.இ. டிஸ்க் என்றால் 20 வயதை நெருங்கியதாகவோ தாண்டியதாகவோ இருக்கும்; கொள்ளளவும் குறைவு. உள்ளே இருப்பதை ஒருமுறை கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து வெளியே எடுத்துக்கொண்டு, அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

பெட்டி வாங்கும்போது யு.எஸ்.பி. 3.0 என்று கேட்டு வாங்குவது நல்லது. சொருகும் முனையின் உட்பக்கம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். பழைய யு.எஸ்.பி. 2.0-வில் நொடிக்கு சுமார் 30 எம்.பி. வேகம் கிடைக்கும், 100 ஜி.பி. நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். 3.0-வில் டிஸ்க்கால் எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவும் கிடைக்கும். அதே வேலை அரை மணிக்குள் முடிந்துவிடும். மின்சாரத்திலும் பயன் உண்டு. 2.0 முனை 500 மில்லி ஆம்பியர் வரை தரும், 3.0 முனை 900 வரை தரும். சில பழைய லேப்டாப் டிஸ்க்குகள் 2.0 முனையில் முக்கி முனகி நிற்பதற்குக் காரணம் இந்தப் பற்றாக்குறைதான்.

கழற்றும்போது

லேப்டாப்பை முழுவதும் நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழலும் வகையாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டே திருப்புளியைத் தொட வேண்டும். டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சை அட்டையைக் கையால் தேய்க்கக் கூடாது. ஓரங்களைப் பிடித்துத் தூக்க வேண்டும். டிஸ்க்கின் மூடியில் உள்ள திருகுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. உள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும் தட்டுக்கு மேல், தூசியின் பருமன்கூட இல்லாத இடைவெளியில் படிக்கும் முள் மிதக்கிறது. நம் களத்துத் தூசியில் ஒரு துகள் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

பெட்டியில் போட்டுச் சொருகியதும் சில நேரம் “ஃபார்மேட் செய்ய வேண்டுமா?” என்று விண்டோஸ் கேட்கும். லினக்ஸும் சேர்த்துப் போட்டிருந்த லேப்டாப்பின் டிஸ்க்கில் இது அடிக்கடி நடக்கும். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத பகுதியைக் காலி என்று நினைத்துக் கேட்கிறது. அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்தக் கூடாது. உள்ளே பழைய படங்கள், மகனின் பாடங்கள் ஏதேனும் இருந்தால் முதலில் அவற்றை வேறு இடத்தில் நகலெடுத்த பிறகுதான் மற்ற வேலை.

முளைப்புத் திறன் பார்ப்பது போல

விதைநெல்லை மூட்டை கட்டும் முன் நூறு விதையை ஈரத்துணியில் வைத்து, எண்பதாவது முளைக்கிறதா என்று பார்க்கிறோம். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். டிஸ்க்குக்கும் அப்படி இரண்டு சோதனை உண்டு.

முதல் சோதனை ஸ்மார்ட் என்ற குறிப்பைப் படிப்பது. ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் அந்தக் குறிப்பு தெரியும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. நிறத்தோடு நிற்காமல், பட்டியலில் இந்த எண்களையும் பார்ப்பது நல்லது.

05: கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள்.
C5: படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள்.
C6: கடைசிவரை சரிசெய்ய முடியாத பகுதிகள்.
C7: கம்பியில் தகவல் சிதைந்த எண்ணிக்கை.
09: டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம்.

முதல் மூன்றும் பூஜ்யமாக இருந்தால் திருப்தி. C5 அல்லது C6 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். 05 மட்டும் சிறிய எண்ணாக இருந்து மாதக்கணக்கில் ஏறாமல் நின்றால் மூன்றாவது நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏறிக்கொண்டே போனால் கழித்துவிட வேண்டும். C7 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இருக்காது. கம்பியையோ பெட்டியையோ மாற்றிப் பார்க்கலாம்.

ஓடிய மணி நேரம் டிஸ்க்கின் உழைப்பைச் சொல்லும். இடைவிடாமல் ஓர் ஆண்டு ஓடினால் 8,760 மணி. கண்காணிப்பு கேமராப் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் இரவு பகலாக ஓடியதாக இருக்கும். வீட்டு லேப்டாப்பில் மாலையில் மட்டும் ஓடியது அந்த அளவு தேய்ந்திருக்காது. துறையூர்க் குடும்பத்தின் டிஸ்க் பிரவுசிங் சென்டரில் ஆண்டுக்கணக்கில் காலை முதல் இரவு வரை ஓடியது. மாற்றும் முன் ஒரு நிமிடம் இந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால், யோசித்திருப்பார்கள்.

சில மலிவுப் பெட்டிகள் இந்தக் குறிப்பைக் கம்ப்யூட்டருக்குக் கடத்தாது. பட்டியல் காலியாக வந்தால் வேறு பெட்டியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை முழு ஃபார்மேட். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்த பிறகு, ‘குவிக் ஃபார்மேட்’ என்ற கட்டத்தில் உள்ள குறியை நீக்கிவிட்டு ஃபார்மேட் கொடுத்தால், விண்டோஸ் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் பார்க்கும். 500 ஜி.பி. டிஸ்க்குக்கு 2.0 முனையில் நாலைந்து மணி நேரம் ஆகும். மின்சாரம் நிலையாக இருக்கும் பகல் வேளையில் செய்யலாம். முடிந்ததும் மீண்டும் அதே பட்டியலைத் திறந்து, 05, C5, C6 மூன்றும் ஏறவில்லை என்றால் டிஸ்க் தேறிவிட்டது.

ஃபார்மேட் வகை கேட்கும்போது, வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ். போதும். டிவி, போன் இவற்றிலும் சொருகிப் பார்க்க வேண்டும் என்றால் எக்ஸ்ஃபாட் பெரும்பாலும் ஒத்துப்போகும். பழைய ஃபாட்32 வேண்டாம், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. கல்யாண வீடியோ நகலாகாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். 500 ஜி.பி. டிஸ்க் 465 என்று காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1,024-ஆல் வகுக்கிறது; கணக்கு மட்டும்தான் வேறு.

ஒரு சின்னக் கணக்கு

போனில் எடுக்கும் படம் ஒன்று 3 முதல் 4 எம்.பி. வரும். பத்தாயிரம் படம் என்றாலும் 40 ஜி.பி.க்குள் அடங்கும். பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம், மண் பரிசோதனை முடிவு, பயிர்க் காப்பீட்டு ரசீது, நகைக்கடன் சீட்டு, குழந்தைகளின் சான்றிதழ் எல்லாம் சேர்த்தாலும் 1 ஜி.பி. தாண்டாது. இடத்தைத் தின்பது வீடியோதான். ஒரு நிமிடத்துக்கு 100 எம்.பி.க்கு மேல் போகும். அப்படியும் ஒரு 320 ஜி.பி. டிஸ்க்கில் பத்தாயிரம் படமும் 30 மணி நேர வீடியோவும் வைக்கலாம். ஒரு சராசரி விவசாயக் குடும்பத்துக்கு பரணில் கிடக்கும் டிஸ்க்கே போதும், புதிதாகப் பெரியது தேட வேண்டியதில்லை.

மூன்று நகல், இரண்டு வகை, ஒன்று வெளியூரில்

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தம் தொழிலுக்காகச் சொன்ன ஒரு விதி இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எதையும் மூன்று நகலாக வை, இரண்டு வெவ்வேறு வகைப் பொருளில் வை, ஒன்றை வேறு இடத்தில் வை. நம் வீட்டுக்கு அதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நகல் போனிலோ ஓடும் கம்ப்யூட்டரிலோ இருப்பது. இரண்டாவது, வீட்டில் இருக்கும் ஹார்டு டிஸ்க். மூன்றாவது, வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கும் இன்னொரு டிஸ்க். பத்திரம், சான்றிதழ் போன்ற சிறிய கோப்புகளை மட்டும் கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலும் போட்டு வைத்தால் இன்னும் பலம்.

மூன்றாவது ஏன் வேறு ஊரில்? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஓட்டு வீடுகளையும் கூரை வீடுகளையும் என்ன செய்தது என்று டெல்டா மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பீரோவில் பத்திரமும் இருந்து அதன் நகல் உள்ள டிஸ்க்கும் இருந்தால், வெள்ளமோ தீயோ திருட்டோ வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

வெளியூரில் வைக்கும் டிஸ்க்கில் ஆதார், வங்கிப் புத்தகம் போன்றவை இருந்தால் அவற்றை 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு மூட்டையாகக் கட்டி வைப்பது நல்லது. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். டிஸ்க் இருந்தும் பாஸ்வேர்டு மறந்துபோனால் அதுவும் தொலைந்ததற்குச் சமம்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ள படம் மூலப் பத்திரத்துக்கு மாற்று ஆகாது. மூலப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்க வேண்டிவரும். அப்போது பத்திர எண், ஆண்டு, சர்வே எண் எல்லாம் கையில் இருந்தால் வேலை சுலபம். அந்த விவரம் கையில் இருப்பதற்குத்தான் இந்தப் படம்.

துணைக் கேள்விகள்

“மூன்று பழைய டிஸ்க் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க்காக ஆக்கலாமா?”

விண்டோஸில் அதற்கு வழி உண்டு, ஆனால் வேண்டாம். மூன்று குதிரையும் அடியில் குழாய் போட்டு இணைத்த மாதிரி அது. ஒன்றில் ஓட்டை விழுந்தால் மூன்றும் காலி. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு பழைய டிஸ்க்கும் ஓர் ஆண்டில் கெட்டுப்போக 10 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் இணைத்தால் எல்லாம் போகும் வாய்ப்பு 27 சதவீதமாக ஏறிவிடும். அதே சரக்கைத் தனித்தனியாக இரண்டு டிஸ்க்கில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கெட வாய்ப்பு 1 சதவீதம்தான். மூன்று டிஸ்க் இருந்தால் அது மூன்று நகலுக்கான வசதி என்று கொள்ள வேண்டும்.

“வீட்டில் எல்லோருடைய போனிலும் தெரியும்படி வைக்க முடியுமா?”

முடியும். வீட்டு இணைய மோடத்தின் பின்பக்கம் யு.எஸ்.பி. முனை இருந்து, அதில் கோப்புப் பகிர்வு வசதியும் இருந்தால் டிஸ்க்கை அங்கேயே சொருகலாம். இல்லையென்றால் திரை உடைந்த அந்த லேப்டாப்பையே டிவியில் இணைத்து ஓடவிட்டு, ஒரு ஃபோல்டரைப் பகிரலாம். ஆனால், எந்நேரமும் இணைந்திருக்கும் டிஸ்க்கை பேக்கப் என்று எண்ணக் கூடாது. யாரோ தவறாக அழித்தால் அதிலும் அழியும். 2017 மே மாதம் வான்னகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அப்படி ஒன்று வந்தால் இணைப்பில் உள்ள எல்லா டிஸ்க்கையும் அது தொடும். பிடுங்கி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. வெளியூரிலிருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு மோடத்தில் வாசல் திறந்துவிடும் வேலையும் வேண்டாம்.

“எப்படிப் பத்திரப்படுத்துவது?”

சுற்றும்போது அசைக்கக் கூடாது. ‘பாதுகாப்பாக நீக்கு’ என்பதை அழுத்தி, சுற்றும் சத்தம் நின்ற பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் பெரிய டிஸ்க்கின் அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுப்பது அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்போடு பட்டியலும் சிதையலாம். ஓய்வில் இருக்கும்போது, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். உர மூட்டை, பூச்சிமருந்து வைக்கும் அறை வேண்டாம்; தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம். டப்பாமேல் தேதியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் எழுதி ஒட்டுவது நல்லது.

“டக் டக் சத்தம் வந்துவிட்டது. என்ன செய்வது?”

உடனே பிடுங்கி வைக்க வேண்டும். சத்தத்தோடு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே முள் தட்டைக் கீறலாம். துறையூரில் இருபது முறை சொருகியது, மீட்கக் கூடியதையும் மீட்க முடியாமல் ஆக்கியிருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஈரம் கோத்து மேலும் கெடும். தகவல் மீட்கும் நிறுவனங்கள் பெரிய நகரங்களில் உண்டு. செலவு புது டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு ஆகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

“கெட்ட டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடலாமா?”

அப்படியே போடக் கூடாது. அழித்தாலும், குவிக் ஃபார்மேட் செய்தாலும் உள்ளே இருப்பதைத் திரும்ப எடுக்க முடியும். ஓடும் டிஸ்க் என்றால் ஒருமுறை முழு ஃபார்மேட் செய்ய வேண்டும். ஓடாத டிஸ்க் என்றால் துளைபோடும் எந்திரத்தால் தட்டு வரைக்கும் இரண்டு மூன்று துளை போட வேண்டும். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு சிலவற்றில் கண்ணாடியால் ஆனது, சிதறும். துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். அதன்பிறகு மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

ஆண்டுக்கு இரண்டு நாள்

விதைக்குதிரை இடையில் திறந்து, வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். டிஸ்க்கையும் அப்படித் திறந்து பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கு, போகி என்று இரண்டு நாளை நிர்ணயித்துக்கொண்டால் மறக்காது. அன்று டிஸ்க்கைச் சொருகி, ஸ்மார்ட் பட்டியலில் அந்த எண்களைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஐந்தாறு கோப்புகளை, குறிப்பாகப் பழையவற்றை, திறந்து பார்க்க வேண்டும். பெயர் இருந்தும் படம் திறக்காமல் போவது உண்டு. பிறகு அந்த ஆறு மாதத்துப் படங்களையும் ஆவணங்களையும் ஏற்றி முடிக்க வேண்டும். ஒரு மணி நேர வேலைதான். போனில் எதையும் அழிப்பதாக இருந்தால், இரண்டு டிஸ்க்கிலும் அது திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

துறையூர்க் குடும்பம் இப்போது இரண்டு சின்ன டிஸ்க் வைத்திருக்கிறது. ஒன்று மகளின் பழைய லேப்டாப்பில் இருந்தது, இன்னொன்று கடையில் சோதித்து வாங்கியது. ஒன்று வீட்டில் இருக்கும், ஒன்று பெரம்பலூரில் அத்தை வீட்டில் இருக்கும். பொங்கல் சீர் கொண்டுபோகும்போது அரிசி, வெல்லம், கரும்போடு வீட்டு டிஸ்க்கும் போகிறது; அங்கிருப்பது திரும்பி வருகிறது.

போன தையில் அப்படிப் போனபோது, அத்தை தன் பழைய போனைத் தேடி எடுத்து நீட்டினார். என்றைக்கோ ஒரு விசேஷத்தில் எடுத்த வீடியோ அதில் இருந்தது. அப்பாயி பின்னால் யாரையோ அதட்டுகிறார், பத்து நொடிதான். மகள் அதை அங்கேயே இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றினாள். இரண்டிலும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினாள்.